மச்சச் சட்டி, மரக்கறிச் சட்டி, மூன்றாவது சட்டி

வெள்ளிக்கிழமை விடிந்தால் திருகோணமலையில் பல வீடுகளில் சட்டி மாறும். மீன் காய்ச்சிய மண்சட்டி பின்பக்கம் போய்விடும், மரக்கறிச் சட்டி அடுப்பில் ஏறும். அகப்பை வேறு, தாச்சி வேறு, சில வீடுகளில் அம்மிக் குழவியைக்கூட மஞ்சள் போட்டுக் கழுவித்தான் தொடுவார்கள். கந்தசஷ்டி ஆறு நாளும், கேதாரகௌரி நோன்புக் காலத்திலும் இந்தக் கட்டுப்பாடு இன்னும் இறுகும். மச்சம் பட்ட கை மரக்கறியில் படக்கூடாது என்பதை யாரும் நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒவ்வாமை உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால் வேண்டிய ஒழுக்கத்தில் முக்கால்வாசி இதுதான். வில்லங்கம் மீதிக் காலில் இருக்கிறது. நாம் கோடு கிழித்திருப்பது மச்சத்துக்கும் மரக்கறிக்கும் நடுவில். ஒவ்வாமை அந்தக் கோட்டை மதிப்பதில்லை. பசும்பால், நெய், கஜு, எள்ளு, கச்சான் (நிலக்கடலை), கோதுமை எல்லாமே சுத்த சைவம். பால் ஒவ்வாத பிள்ளைக்கு நெய் விட்ட சர்க்கரைப் பொங்கல் விரதச் சாப்பாடு அல்ல, ஆபத்து. நெய்யை உருக்கி வடித்தாலும் பால் புரதம் கொஞ்சம் அதில் தங்கத்தான் செய்யும். ஆகவே பழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு கோட்டை மட்டும் நகர்த்த வேண்டும். அதற்கு மூன்றாவது சட்டி ஒன்று வேண்டும்.

சட்டி என்று சும்மா சொல்லவில்லை. மண்சட்டி உறிஞ்சும் பாத்திரம். நண்டு காய்ச்சிய சட்டியில் நாலு நாள் கழித்துக் கத்தரிக்காய் வைத்தாலும் நண்டு மணக்கிறதே, அந்த மணம் வருகிற இடத்தில் புரதமும் இருக்கலாம். அலுமினியம், எவர்சில்வர் என்றால் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் போதும். மண், மரம், சிரட்டை அகப்பை, பனையோலையில் இழைத்த நீத்துப்பெட்டி, அம்மி ஆகியவற்றைத் தேய்த்துத் தீர்க்க முடியாது. இவற்றில் ஒவ்வொன்று புதிதாக வாங்கி ஒதுக்கிவிடுங்கள். நீத்துப்பெட்டியைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்: கோதுமை மா கலந்த புட்டு ஒருமுறை அவித்தாலே இழைகளுக்குள் மா போய் ஒட்டிக் காய்ந்துவிடும். கை கழுவுவதிலும் ஒரு பிழை நடக்கிறது. சனிடைசர் கிருமிக்கு மட்டும்தான். கச்சான் புரதத்தை அது கையிலிருந்து அகற்றாது. சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் வேண்டும்.

எது ஒவ்வாமை, எது அல்ல என்பதையும் பிரித்துக்கொள்ள வேண்டும். நம்மிடம் ‘கிரந்தி’ என்று ஒரு சொல் இருக்கிறது. கத்தரிக்காய் கிரந்தி, இறால் கிரந்தி, சூரை கிரந்தி என்று எல்லாவற்றையும் அந்த ஒரு கூடைக்குள் போட்டுவிடுகிறோம். உள்ளே இருப்பவை வேறு வேறு சாமான்கள். இறால் சாப்பிட்டு உதடு வீங்கினால் அது உடம்பின் எதிர்ப்புச் சக்தி இறாலின் புரதத்தை எதிரியாக நினைத்துக் கிளம்புவது. துணுக்கு இறாலும் போதும். பால் குடித்து வயிறு ஊதி, தயிர் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாவிட்டால், அது பெரும்பாலும் பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரை செரிக்காத குறை, ஒவ்வாமை அல்ல. மூன்றாவது சூரை மீன் சங்கதி. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடற்கரை ஊரில் மீன் ஒவ்வாமை என்று பெயர் வாங்கியவர்களில் சிலருக்கு உண்மையில் நடந்தது இதுவாக இருக்கலாம்.

சூரை, கும்பளா, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் கிருமிகள் அதை, ஒவ்வாமை போன்ற குறிகளைக் கிளப்பும் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். மீன் பார்வைக்குக் கெட்டிருக்காது, மணமும் மாறாமல் இருக்கலாம். சாப்பிட்டுப் பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடத்து, உடம்பு கடிக்கும். நாக்கில் மிளகு பட்டதுபோல் சுணைத்தால் அதுவும் ஒரு குறி. பொரித்தாலும் கொதிக்க வைத்தாலும் உறைய வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. ஒரே மீனைச் சாப்பிட்ட மூன்று நாலு பேருக்கு ஒன்றாக வந்தால் இதைச் சந்தேகிக்கலாம்; ஒருவருக்கு மட்டும், எந்த மீனிலும், ஒவ்வொரு தடவையும் வந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டையும் பிரித்துச் சொல்வது வைத்தியரின் வேலை. அடுப்படியின் வேலை, மீன் பெட்டியைத் திறக்கும்போது ஐஸ் இருக்கிறதா என்று பார்ப்பது, வாங்கியதை ஒன்பது மணி வெயிலில் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் சுற்றாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து உடனே குளிரில் வைப்பது.

இறாலும் மீனும் ஒன்றல்ல. இறால், நண்டு, சிங்க இறால் மூன்றிலும் ஒவ்வாமைக்கு முக்கிய காரணம் ட்ரோப்போமயோசின் என்ற ஒரே இனப் புரதம். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்ற இரண்டையும் கொடுக்கக்கூடாது. கணவாய், மட்டியிலும் அதன் உறவுப் புரதம் உண்டு, வைத்தியரிடம் கேட்டுத்தான் தொட வேண்டும். மீனுக்குக் காரணம் பர்வால்புமின் என்ற வேறு புரதம். ஆகவே இறால் ஆகாதவர் பாரையும் விளைமீனும் தாராளமாகச் சாப்பிடக்கூடும். இறாலுக்குப் பயந்து கடல் முழுவதையும் அவருக்கு மூடிவிட வேண்டியதில்லை. இரண்டு புரதமும் சூட்டுக்கு மசியாதவை. ‘நல்லா வேகவிட்டா ஒண்டும் செய்யாது’ என்று மாமிமார் சொல்வது இங்கே எடுபடாது. நண்டு கொதிக்கும் ஆவியிலும் புரதம் ஏறி வரும், கடுமையான ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த ஆவியே மூச்சிழுப்பைக் கிளப்பிவிடலாம். அவர் வீட்டில் நிற்கும்போது நண்டு காய்ச்சாமல் விடுவதுதான் மரியாதை.

இனி மாசி. மாசிக்கருவாடு சூரை மீனை அவித்து, புகையூட்டி, காயவைத்தது. ஆனால் நம் பேச்சில் அது மீன் கணக்கில் வராது, சரக்குக் கணக்கில் வரும். ‘சம்பலில் மீன் இருக்கா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும், பொய்யும் அல்ல. ‘மாசி போட்டதா?’ என்று கேட்க வேண்டும். சீனிச் சம்பல், கட்டைச் சம்பல், கடையில் வாங்கும் சம்பல் போத்தல், சம்பல் வைத்த பணிஸ் எல்லாவற்றுக்கும் இதே கேள்வி. இறாலுக்கு இதேபோல் ஒளிந்து நிற்பது கூனி என்ற பொடி இறால். கத்தரிக்காய்க் கறியிலும் சுண்டலிலும் கரைந்து போயிருக்கும்.

‘பால்’ அதைவிட மோசம். இங்கே கறியில் பால் என்றால் தேங்காய்ப்பால். ‘பால் விட்டதா?’ என்று பால் ஒவ்வாமைக்காரர் கேட்டால், சொதி காய்ச்சியவர் ‘ஓம், நல்லாத் திக்கா விட்டிருக்கு’ என்பார், பிள்ளை பட்டினி. மறுபக்கம், பாயாசத்துக்குத் தேங்காய்ப்பால்தான் என்று நம்பிக் குடித்தால் அதில் ஒரு கரண்டி மாப்பால், அதாவது பால்மா கரைத்த பால், இருக்கும். பசும்பாலா, மாப்பாலா, தேங்காய்ப்பாலா என்று முழுச் சொல்லாகக் கேளுங்கள். எருமைப்பாலும் ஆட்டுப்பாலும் பசும்பாலுக்கு மாற்று அல்ல, புரதங்கள் மிக நெருக்கம். மூதூர், கிண்ணியாச் சட்டித் தயிர் எருமைப்பாலாக இருப்பதால் பாதகமில்லை என்று நினைப்பது வீண் நம்பிக்கை.

கடலைக்கும் இதே கதி. இலங்கையில் கடலை என்றால் கொண்டைக்கடலை, நிலக்கடலைக்குக் கச்சான் என்று பெயர். (நமக்குக் கச்சான் என்பது காற்றும்கூட, காற்றால் தொந்தரவு புழுதி மட்டும்தான்.) தமிழ்நாட்டிலிருந்து வரும் பைக்கற்றில் ‘கடலை மிட்டாய்’, ‘கடலை எண்ணெய்’ என்றிருந்தால் அது கச்சான். அங்கே கடலை மாவு என்பது மட்டும் கடலைப்பருப்பு மா. லேபலில் தமிழ் இருக்கிறதே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். எந்த ஊர்த் தமிழ் என்று பார்க்க வேண்டும்.

லேபலில் இன்னும் சில சொற்களைக் கண் தானாகத் தேட வேண்டும். கேசீன், வே என்றிருந்தால் பால். மார்ஜரினிலும் பிஸ்கற்றிலும் இவை அடிக்கடி வரும். அல்புமின் என்றால் பெரும்பாலும் முட்டை. ரவை கோதுமைதான். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா சேர்ப்பது வழக்கம். சோயா சோஸில் பெரும்பாலும் சோயாவும் கோதுமையும் சேர்ந்தே இருக்கும்.

கோதுமையைப் பற்றிப் பேசுவதற்கு நம் ஊர் பொருத்தமான ஊர். கோதுமை விளையாத நாட்டில், கப்பலில் வரும் கோதுமையை அரைக்கிற பிரீமா ஆலை நிற்பது நம் திருகோணமலைச் சீனக்குடாவில். அந்த மா நம் புட்டுக்குள்ளும் இடியப்பத்துக்குள்ளும் எப்போதோ புகுந்துவிட்டது. அரிசிமாப் புட்டு ஆறினால் விறைக்கும், அவித்த கோதுமை மா கலந்தால் மென்மையாக நிற்கும், அதற்காகத்தான் கலக்கிறார்கள். கலக்காமலும் மென்மை வரும், தண்ணீரில் கவனம் இருந்தால்.

ஆறு பேருக்கு 500 கிராம் வறுத்த சிவப்பு அரிசிமா, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, சுமார் 350 மில்லிலீற்றர் தண்ணீர். தண்ணீர் நன்றாகக் கொதித்து இறக்கியதாக இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் குழைத்தால் மா ஈரத்தைச் சரியாகப் பிடிக்காது, அவித்த பிறகும் தொண்டையில் மண்போல் நிற்கும். முதலில் முக்கால்வாசித் தண்ணீரை ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறுங்கள், மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு கையில் அள்ளிப் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் பிசுபிசுத்தால் தண்ணீர் கூடிவிட்டது, ஒரு பிடி மா தூவுங்கள். பிடிக்கவே நிற்காவிட்டால் மீதித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளியுங்கள். மாவின் வறுபாட்டைப் பொறுத்து முப்பது, நாற்பது மில்லி ஏறி இறங்கும். சுண்டின் விளிம்பால் கொத்தி, பாதித் தேங்காயின் பூவைக் கலந்து, நீத்துப்பெட்டியில் அமுக்காமல் போட்டுப் பதினைந்து நிமிடம் அவியுங்கள். இறக்கியவுடன் கால் கோப்பை தேங்காய் முதற்பாலைத் தெளித்து மூடிவைத்தால் மூன்று மணித்தியாலம் வரை விறைக்காது.

இதில் வழுக்குகிற இடம் வீட்டில் இல்லை, மில்லில் இருக்கிறது. உங்கள் அரிசிக்கு முன் அந்த இயந்திரத்தில் உழுந்தோ கடலையோ குரக்கனோ கோதுமையோ போயிருக்கும். காலையில் முதல் ஆளாகப் போய், ஒரு கிலோ அரிசியை முதலில் அரைத்து அதைத் தனியே எடுத்து வீட்டில் மற்றவர்களுக்கு வைத்துக்கொண்டு, அதன் பிறகு வரும் மாவை எடுத்தால் கலப்பு குறையும், இல்லாமல் போகாது. கடும் ஒவ்வாமைக்கும், கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கும் அந்தக் குறைவு போதாது. வீட்டு மிக்ஸியில் இடித்து அரிப்பதே வழி. கறித்தூளுக்கும் இதே கதை. செக்கெண்ணெய்க்கும் இதே கதைதான்: தேங்காய் ஆட்டுகிற செக்கில் எள்ளும் ஆட்டுவார்கள். ஆலையில் சுத்திகரித்த எண்ணெயைவிடச் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் எள்ளுப் புரதம் கூட இருக்கும் என்பதால், உடம்புக்கு நல்லது என்று நாம் தேடி வாங்குவதே எள்ளு ஆகாதவருக்குக் கூடுதல் கேடு.

புட்டுக்குப் பக்கத்தில் சொதி, எங்கள் அயலில் சிலர் பாலாணம் என்பார்கள். ஒவ்வாமை வீட்டுச் சமையலுக்கு இதைவிட வசதியான கறி கிடையாது, ஏனென்றால் அடிப்படைச் சொதியில் மீனும் இல்லை, மாப்பாலும் இல்லை. அரை லீற்றர் இரண்டாம் பாலில் பத்துச் சின்ன வெங்காயம், நாலு பச்சைமிளகாய், ஒரு தக்காளி, ஒரு தேக்கரண்டி வெந்தயம், கால் தேக்கரண்டி மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு போட்டு அவியவிட்டு, தணலைக் குறைத்து 250 மில்லி முதற்பாலை விட்டு, அகப்பையால் ஆற்றிக்கொண்டே நின்று, நுரை ஏறும் முன் இறக்குங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேசிக்காய். அடுப்பில் இருக்கும்போதே புளி விட்டால் திரைந்துவிடும்.

இறால் சொதிதான் வேண்டும் என்று மற்றவர்கள் நின்றால், ஒவ்வாதவருக்குரியதை முதலில் தனிச் சட்டியில் எடுத்து மூடி, மேசைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, மீதியில் இறாலைப் போடுங்கள். ஒழுங்கு எப்போதும் இதுதான்: ஆகாதவருக்கு முதலில், ஆகிறவர்களுக்குப் பிறகு. பின்னால் இறாலைப் பொறுக்கி எடுத்துவிட்டுச் சொதியை ஊற்றலாம் என்பது ஏமாற்று, புரதம் எப்போதோ பாலில் இறங்கியிருக்கும். மூடியையும் கவனியுங்கள். இறால் சட்டி மூடியில் கோர்த்த ஆவித் தண்ணீர், அந்த மூடியை மாற்றி மூடும்போது மற்றச் சட்டியில் சொட்டுச் சொட்டாக விழும். சட்டியை மாற்றியவர்கள் மூடியை மாற்ற மறந்துபோவார்கள்.

கூழுக்கு மட்டும் இந்த ஒழுங்கு எடுபடாது. நண்டும் இறாலும் மீனும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் ஒரே பானையில் கொதித்தால்தான் கூழ் கூழாகும். இறால் ஆகாதவருக்காக நண்டு, இறாலை நீக்கி மீன் மட்டும் போட்டுக் காய்ச்சினால் எல்லோருக்கும் அதுவே நன்றாயிருக்கும். அரைப் பானை இப்படி, அரைப் பானை அப்படி என்று போகாதீர்கள். காய்ந்த பனங்கிழங்கின் ஒடியல் மாவை ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு மேல் தண்ணீரை இரண்டு தடவை வடித்தெடுத்தால் காறல் குறையும், நண்டின் இனிப்பு இல்லாத குறையும் அவ்வளவாகத் தெரியாது.

மாசி இல்லாத தேங்காய்ச் சம்பல் சப்பென்று இருக்கும், உண்மைதான். மாசி கொடுப்பது உப்பும் ஆழமும். அதை ஈடுசெய்ய எட்டுச் செத்தல் மிளகாயைக் கறுக்காமல் பொரித்து, பாதித் தேங்காய்ப்பூவில் இரண்டு மேசைக்கரண்டியை மட்டும் பொன்னிறம் தாண்டி மண்ணிறம் வரும்வரை வறுத்து, மிளகாய், உப்பு, வறுத்த பூ மூன்றையும் முதலில் அரைத்துவிட்டு, கடைசியில் பச்சைப் பூவையும் பத்துச் சின்ன வெங்காயத்தையும் வைத்து இரண்டு இழுப்பு இழுங்கள். தேசிக்காய் பாதி. முழுப் பூவையும் வறுத்தால் அது வேறு சம்பலாகிவிடும். அம்மி பழையது என்றால் அதன் கொத்துப் பள்ளங்களை உற்றுப் பாருங்கள்: போன கிழமை இடித்த மாசி சாம்பல் நிறத் துகளாக அங்கே குந்திக்கொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றினால் மேலே மினுங்கும், காய்ந்தால் திரும்பத் தெரியும். இதற்கு மிக்ஸியின் எவர்சில்வர் கோப்பையே மேல், ருசி கொஞ்சம் குறைந்தாலும்.

வட்டிலப்பத்துக்கு முட்டையில்லாத மாற்று என்று எதையும் வட்டிலப்பம் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். முட்டைதான் அதைக் கட்டுகிறது. அதற்குப் பதிலாக நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளில் செய்யும் கடற்பாசியின் வழியே போகலாம். ஆறு கிராம் கடற்பாசியை 200 மில்லி தண்ணீரில் ஊறவைத்து, இழை ஒன்றும் தெரியாமல் கரையும்வரை கொதிக்கவிட்டு, 200 கிராம் கித்துள் கருப்பட்டியை அதிலேயே கரைத்து வடித்து, இளஞ்சூட்டில் வைத்திருந்த 400 மில்லி முதற்பாலில் ஊற்றி ஏலக்காய் சேர்த்து ஆறவிடுங்கள். பால் குளிர்ந்திருந்தால் கடற்பாசி தொட்ட இடத்திலேயே நூல் நூலாக உறைந்துவிடும். பாலைக் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரியும். கஜு ஆகுமென்றால் மேலே தூவலாம், ஆகாதென்றால் வறுத்த தேங்காய்ச் சீவல்.

முட்டையும் பாலும் ஆகாத சின்னப் பிள்ளைகளில் பலருக்கு வளர வளர அது விட்டுப்போகும். கச்சான், கஜு, மீன், இறால் பெரும்பாலும் விடாது. விட்டுப்போனதா என்று வீட்டில் ஒரு துண்டு கொடுத்துப் பார்க்கக்கூடாது, அது வைத்தியசாலையில் பார்க்க வேண்டிய சோதனை. தேங்காய்ப்பால் கறிக்குப் பசும்பாலின் இடத்தை நிரப்பும், பிள்ளையின் வளர்ச்சிக்கு நிரப்பாது. அதில் புரதமும் கல்சியமும் சொற்பம். குரக்கன் மாவில் நூறு கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவு கல்சியம் இருக்கிறது, நெத்தலியை முள்ளோடு சாப்பிட்டாலும் வரும். குழந்தைப் பாலுக்கு மாற்று என்ன என்பதை மட்டும் வைத்தியரே சொல்லட்டும்.

இத்தனைக்குப் பிறகும் பிழை நடக்கும். தொண்டை இறுகுதல், குரல் மாறுதல், மூச்சிழுப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, தலை சுற்றி விழப்போதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலே 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வைத்தியர் எழுதிக் கொடுத்த அட்ரினலின் ஊசி கையில் இருந்தால் முதலில் அதைத் தொடையின் வெளிப்பக்கத்தில் போட்டுவிட்டு அழையுங்கள். பிரிற்றன் போன்ற ஒவ்வாமைக் குளிசை அரிப்பைத்தான் தணிக்கும், மூச்சைத் திறக்காது. அதைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம்தான் உயிரை வாங்கும். ஆளைப் படுக்கவைத்து காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் உட்காரவிடுங்கள், எழுப்பி நடத்தாதீர்கள். கோப்பி, மஞ்சள் தண்ணீர், தேசிக்காய்த் தண்ணீர் ஒன்றும் வேண்டாம்.

வெளிச் சாப்பாட்டில் கொத்து ரொட்டியை மறந்துவிடுங்கள். அந்தக் கல்லில் முட்டையும் சீஸும் இறாலும் ஒரே தகட்டால் கொத்துப்படுகின்றன, கடைக்காரரைக் கேட்டுப் பயனில்லை. வடைக்கும் எண்ணெய்தான் கேள்வி, இறால் வடை போட்ட எண்ணெயில் பருப்பு வடை போட்டால் இரண்டும் ஒன்றுதான்.

வீட்டுப் பலகாரத்துக்கும் அந்த எண்ணெய்க் கணக்கை வையுங்கள். எள்ளு ஆகாதவர் இருந்தால் புது எண்ணெயில் முதலில் பயற்றம் பணியாரம், பிறகு சீனி அரியதரம், எள்ளுப் போட்ட முறுக்கு கடைசி. பணியாரத்தின் மேல்மாவில் கோதுமை சேர்ப்பவர்கள் உண்டு, கோதுமையும் ஆகாதென்றால் அரிசிமா மட்டும் கரையுங்கள். ஆறியதும் அவருடைய பங்கை முதலில் தனி டப்பாவில் போட்டு மூடி, பெயர் எழுதி ஒட்டி, மேல் தட்டில் வையுங்கள். கீழ்த் தட்டென்றால் மற்ற டப்பாக்களின் துகள் அதன்மேல் கொட்டும். அயலுக்குக் கொடுத்தனுப்ப அந்த டப்பாவை எடுக்காதீர்கள். நம் ஊரில் பாத்திரம் வெறுமனே திரும்பி வராது, அடுத்த வீட்டு எள்ளுருண்டையோ கச்சான் அல்வாவோ உள்ளே இருக்கும். பழைய ஐஸ்கிறீம் டப்பா ஒன்று அனுப்பினால் போதும்.